குதிகால் முள்: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

(நம் சங்கத்தின் மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குதிகால் வலியைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, அதற்கு ஒரு டாக்டரைக் கூப்பிடலாமே என்றுதான் நான் சொன்னேன். "டாக்டர் வந்தால் ஆபரேஷனைப் பற்றிச் சொல்வார், ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் நடப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அதனால் வந்திருக்கிறேன். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு அவருடைய 61-வது வயதில் வலது குதிகாலில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் எட்டு மாதம், பின்னால் ஒரு வருடம், டாக்டர்களிடம் கேட்டதையும் படித்ததையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு என் கையில் இருக்கிறது. உங்கள் காலுக்கு என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் எலும்பு மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பேச்சு உதவினால் போதும்.

முதலிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது என்பதற்காக யாரும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதில்லை. செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டால், ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம், வைத்தியம் ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி எந்த இடத்தில்?

குதிகால் வலி என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும், இடத்தைப் பொறுத்து அது இரண்டு வேறு வியாதி. இப்போதே உங்கள் விரலை வைத்துப் பாருங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு அடியில், உள்ளங்கால் பக்கம் சுருக்கென்று குத்தினால், அது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வின் வலி. குதிகாலிலிருந்து விரல்கள் வரை நீண்டு, பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிக்கும் தடித்த பட்டை அது. அதன் பக்கத்தில் எலும்பு முன்னோக்கி வளர்ந்து நீண்டிருப்பதைத்தான் அடிப்பக்க முள் என்கிறார்கள்.

குதிகாலின் பின்பக்கம், ஷூவின் பின் விளிம்பு உரசும் இடத்தில் வலித்தால் அது வேறு. அங்கேதான் அகிலஸ் தசைநாண் எலும்போடு ஒட்டுகிறது. அந்த ஒட்டும் இடத்தில் வளரும் முள் பின்பக்க முள். இதோடு சிலருக்குக் குதிகால் எலும்பின் மேல் மூலையே புடைத்துக்கொண்டு, வெளியிலிருந்து பார்த்தால் சின்ன எலுமிச்சம்பழம் மாதிரித் தெரியும். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் பாட்ரிக் ஹாக்லண்ட் 1928-ல் இதை விவரித்து எழுதியதால் இதற்கு ஹாக்லண்ட் புடைப்பு என்று பெயர். முள்ளும் புடைப்பும் ஒன்றல்ல. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம்.

அடிப்பக்க வலிக்கு ஆபரேஷன் மிகச் சிலருக்குத்தான் தேவைப்படும். உடற்பயிற்சி, சரியான செருப்பு, பொறுமை ஆகியவற்றால் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. ஆபரேஷன் செய்தாலும் முக்கியமாகச் செய்வது அந்தச் சவ்வில் ஒரு பகுதியை மட்டும் தளர்த்துவதுதான். முழுவதும் வெட்டினால் பாதத்தின் வளைவே தாழ்ந்து போகும். என் மனைவிக்கு வந்தது பின்பக்க முள். இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

நரம்பு இல்லை, தசைநாண்

நாம் பேச்சு வழக்கில் "குதிகால் நரம்பு" என்று சொல்வது உண்மையில் நரம்பு இல்லை. கெண்டைக்காலில் இருக்கும் இரண்டு பெரிய தசைகளும் கீழே வந்து ஒன்றாகச் சேர்ந்து கயிறாகி, குதிகால் எலும்பில் ஒட்டுகின்றன. அந்தக் கயிறுதான் அகிலஸ் தசைநாண். உடம்பிலேயே தடிமனான, பலமான தசைநாண் இது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். ஓடும்போது நம் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலான இழுப்பைத் தாங்குகிறது.

அகிலஸ் கிரேக்கக் கதையில் வரும் வீரன். துரியோதனனுக்குத் தொடை எப்படியோ அப்படி அவனுக்குக் குதிகால். உடம்பில் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் அவனைக் கொல்ல முடியும். பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த உடற்கூற்றியல் அறிஞர் பிலிப் வெர்ஹேயன் 1693-ல் எழுதிய புத்தகத்தில் இந்தத் தசைநாணுக்கு அவன் பெயரை வைத்தார்.

வயது ஏற ஏற, எலும்போடு ஒட்டும் இடத்தில் இதன் இழைகள் நைந்து போகின்றன. வருடக்கணக்கில் நின்று வேலை பார்த்தவர்கள், எடை கூடியவர்கள், கெண்டைக்கால் தசை இறுகிப்போனவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வரும். என் மனைவி 27 வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவர். நைந்த இடத்தில் உடம்பு சுண்ணாம்பைச் சேர்த்து எலும்பாக்கிவிடுகிறது. அதுதான் முள். நைந்துபோன தசைநாண்தான் வியாதி, முள் பெரும்பாலும் அதன் அடையாளம். வலியே இல்லாத பலருக்கு எக்ஸ்ரே எடுத்தால் முள் இருக்கும். முள் அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விட்டவர்களும் உண்டு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து, "பாருங்கள், முள் இவ்வளவு பெரிசு, அடுத்த வாரம் எடுத்துவிடலாம்" என்றார்கள். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் பத்து நிமிடம் காலை அழுத்திப் பார்த்தார், நுனிக்காலில் நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். "ஆறு மாதம் பயிற்சி செய்யுங்கள், அப்புறம் பார்ப்போம்" என்றார். ஆறு மாதம் செய்தும் குறையாததால்தான் ஆபரேஷனுக்குப் போனோம். இப்படிப் போகும்போது மனதில் உறுத்தல் இருக்காது. அவசரமில்லாத எந்த ஆபரேஷனுக்கும் இன்னொரு டாக்டரைக் கேட்பது நம் உரிமை. முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

கத்திக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் செருப்பு. பின்பக்க வலிக்குப் பின்னால் மூடாத செருப்பே நல்லது. குதிகாலை ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்த்தும் மெத்தை வைத்தால் தசைநாணின் இழுப்பு குறையும். எம்.சி.ஆர். செருப்பு அடிப்பக்க வலிக்கு இதம் தரும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை இரண்டு வலிக்காரர்களும் விட வேண்டும். பூஜை அறை போக மற்ற இடங்களுக்கென்று வீட்டுக்குள் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயிற்சி. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே அகிலஸ் வலி வந்தது. தனக்கு ஆபரேஷன் செய்யும்படி தன் மேலதிகாரியிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். தசைநாண் இன்னும் மோசமானாலாவது செய்வார்கள் என்று, வலியோடு வேண்டுமென்றே கடுமையாகப் பயிற்சி செய்தார். வலி போய்விட்டது! 1998-ல் அவரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தப் பயிற்சியைச் செய்த 15 பேரும் 12 வாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டார்கள். பயிற்சி இதுதான்: நுனிக்காலில் எழும்பி, வலிக்கும் காலின் குதிகாலை மட்டும் மெதுவாகக் கீழே இறக்குவது. 15 தடவை வீதம் மூன்று சுற்று. முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. காலை மாலை இரண்டு வேளை. ஒரு நாளைக்கு மொத்தம் 180 தடவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த 15 பேருக்கும் வலி தசைநாணின் நடுப்பகுதியில் இருந்தது. எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி இருந்தவர்களுக்கு அதே பயிற்சி அவ்வளவாகப் பலன் தரவில்லை. படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும்போது அந்த ஒட்டும் இடம் எலும்போடு நசுங்குகிறது. அதனால் 2008-ல் வந்த இன்னோர் ஆய்வில் சமதரையில் நின்று, தரை மட்டத்தோடு நிறுத்திச் செய்யச் சொன்னார்கள். 27 பேரில் 18 பேர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்பினார்கள். மூன்றில் இரண்டு பங்கு! நம் பிளாக் படிக்கட்டில் நின்று யூடியூப் பார்த்துப் பயிற்சி செய்பவர்கள் உங்கள் வலி எந்த இடம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்பக்க முள்காரர்களுக்குப் படிக்கட்டு வேண்டாம், தரை போதும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து ஒரு முறை காட்டித் தருவது இன்னும் நல்லது.

இரண்டாவது மாடி அம்மா ஒருவர் எருக்கிலை வைத்தியம் பற்றிக் கேட்டார். சுட்ட செங்கல் மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலை ஒத்தி எடுப்பது. நம் அம்மாக்கள் எல்லோரும் செய்ததுதான். சூடு இதமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுவது தெரியாமல் கொப்பளித்துப் புண்ணாகி, அது பெரிய தொல்லையில் முடியும். சர்க்கரைக்காரர்கள் தயவுசெய்து செங்கல் பக்கம் போக வேண்டாம்.

மருந்தில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அகிலஸ் தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் தசைநாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு. உள்ளங்கால் சவ்வுக்கு அளவாகப் போடுவார்கள், அது வேறு விஷயம். இரண்டு, சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நாம் சாதாரணமாகக் கடையில் கேட்டு வாங்குகிறோம். இவை தசைநாணைப் பாதித்து அறுக்கவும் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். குதிகால் வலி இருந்தால் மாத்திரை எழுதும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கடைக்காரரிடம் கேட்டு நீங்களாக வாங்காதீர்கள்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் வலி அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். டாக்டர் எங்களுக்குப் படம் வரைந்து விளக்கியதை அப்படியே சொல்கிறேன்.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். குதிகாலின் பின்னால் கீறி, தசைநாணை நடுவில் பிளந்து விலக்கி, நைந்துபோன பகுதியையும் சுண்ணாம்பு படிந்த பகுதியையும் வெட்டி எடுக்கிறார்கள். பிறகு முள்ளையும் புடைப்பு எலும்பையும் செதுக்குகிறார்கள். இதற்காகத் தசைநாணை எலும்பிலிருந்து ஓரளவு பிரிக்க வேண்டிவரும். பாதிக்கு மேல் பிரிக்க வேண்டியிருந்தால், எலும்பில் சின்ன ஆணிகள் போல நங்கூரங்களைப் பதித்து, அவற்றில் இருக்கும் நூலால் தசைநாணை மறுபடி எலும்போடு இழுத்துக் கட்டுகிறார்கள். என் மனைவிக்கு அப்படி நான்கு நங்கூரம் வைத்தார்கள்.

தசைநாணில் நல்ல பகுதி ரொம்பக் குறைவாக மிஞ்சினால், பக்கத்திலேயே ஓடும், கால் பெருவிரலை மடக்கும் தசைநாணை எடுத்துக் குதிகாலில் பொருத்தி பலம் சேர்க்கிறார்கள். பெருவிரலின் அழுத்தம் கொஞ்சம் குறையும், சாதாரண நடைக்கு அது பெரிதாகத் தெரியாது என்றார் டாக்டர்.

வேறு வழிகளும் உண்டு. புடைப்பு மட்டும் இருந்து தசைநாண் நன்றாக இருந்தால், சிறு துளை வழியாகக் கேமரா செலுத்திச் செதுக்குகிறார்கள். இன்னொன்றில் தசைநாணைத் தொடுவதே இல்லை. குதிகால் எலும்பிலேயே ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுத்து மூடி, எலும்பின் சாய்வை மாற்றி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். நியூயார்க் மருத்துவர் சாடெக் 1939-ல் எழுதிய முறை இது. இப்போது சிறு துளை வழியாகவும் செய்யப்படுவதால் மறுபடி பேசப்படுகிறது. உங்கள் டாக்டரிடம் "எனக்கு எந்த முறை, ஏன் அது?" என்று கேளுங்கள்.

ஆபத்துகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குதிகாலின் பின்னால் தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் தையல் ஆற நாளாகலாம், சீழ் பிடிக்கலாம். சர்க்கரையும் புகைப்பழக்கமும் இதை அதிகமாக்கும். பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகலாம். அசையாமல் இருப்பதால் காலில் ரத்தம் உறையலாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. எல்லாம் சரியாக நடந்தும் கொஞ்சம் வலி மிஞ்சுபவர்களும் உண்டு.

ஒரு ஓட்டக்காரரின் குதிகால்

இந்த வியாதியை உலகமே ஒருவர் காலில் பார்த்தது. சீனாவின் லியு சியாங், 110 மீட்டர் தடை ஓட்டக்காரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம், 2006-ல் உலக சாதனை. 2008-ல் சொந்த நாட்டில், பெய்ஜிங்கில் ஒலிம்பிக். மைதானம் முழுக்க அவருக்காகவே வந்த கூட்டம். ஆகஸ்ட் 18 அன்று முதல் சுற்றில் முதல் தடையைக்கூடத் தாண்டாமல் வலியோடு வெளியேறினார். வலது காலின் அகிலஸ், அதில் எலும்பு முள். அந்த டிசம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆபரேஷன் நடந்தது.

மறுபடி ஓட வந்தது 2009 செப்டம்பரில், ஷாங்காயில். அதாவது ஒன்பது மாதம் கழித்து. உலகத்தின் சிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் கூடவே இருந்த இளைஞருக்கே ஒன்பது மாதம் என்றால், 61 வயதில் நமக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆபரேஷன் வீண் போகவில்லை. 2010 ஆசிய விளையாட்டில் தங்கம், 2011 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதல் தடையிலேயே இடித்து விழுந்தார். அகிலஸ் அறுந்துபோயிருந்தது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே ஓரமாகப் போய்க் கடைசித் தடைக்கு முத்தம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆபரேஷன் வலியை எடுக்கும், நடக்க வைக்கும். புதுத் தசைநாணைத் தராது. மிச்சம் இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இனி என் நோட்டிலிருந்து. முறைக்கு முறை, டாக்டருக்கு டாக்டர் இந்தக் கணக்கு மாறும். இது எங்கள் வீட்டுக் கணக்கு.

முதல் இரண்டு வாரம்: நுனிக்கால் கீழ்நோக்கி இருக்கும்படி மாவுக்கட்டு. கால் தரையில் படவே கூடாது. நாள் முழுக்கக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் தாவித்தான் பாத்ரூம். இந்த இரண்டு வாரம்தான் மனதுக்குக் கஷ்டம். 16-வது நாள் தையல் பிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை: முழங்கால் வரை வரும் பூட்ஸ், உள்ளே குதிகாலுக்கு அடுக்கடுக்காக ஆப்பு. பிறகு டாக்டர் சொன்ன தேதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடை வைத்து நடை. வாரத்துக்கு ஓர் ஆப்பை எடுத்தோம்.

மூன்றாவது மாதம்: பூட்ஸ் போய்ச் செருப்பு வந்தது. பிசியோதெரபி வாரம் மூன்று நாள். சாயங்காலமானால் கால் வீங்கும். இது பல மாதம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். அப்படியே இருந்தது.

ஆறாவது மாதம்: நம் வளாகத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடந்தார். ஒற்றைக் காலில் நுனிக்காலில் எழும்ப இன்னும் முடியவில்லை.

பன்னிரண்டாவது மாதம்: கோயில் பிராகாரத்தை வலியில்லாமல் சுற்றினார்.

நான் வங்கிக்காரன், அதனால் அந்தப் பாஷையில் சொல்கிறேன். இது ஒரு வருட டெபாசிட். நடுவில் முறித்தால் வட்டி மட்டும் இல்லை, முதலே போகும். நான்காவது வாரம் வலி இல்லை என்று தானாக எழுந்து சமையலறைக்குப் போனால், கட்டிய தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்துவரலாம். வலி இல்லை என்பதற்கு ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் செய்து வைக்க வேண்டியவை:

1. வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் கைப்பிடி. குந்தி உட்காருவது பல மாதம் முடியாது.
2. குளிக்க முதுகு சாய்ந்த பிளாஸ்டிக் நாற்காலி. காலுக்கு நீர் புகாத உறை.
3. வாக்கர் ஒன்றை முன்னதாகவே வாங்கி, ஒற்றைக் காலில் தாவிப் பழகுவது. ஆபரேஷன் முடிந்து பழகினால் தடுக்கி விழ நேரிடும்.
4. தரை மிதியடிகளை எல்லாம் சுருட்டி மேலே வைப்பது.
5. சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவது. ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் முன்பே சொல்வது.
6. வலது கால் என்றால் சில மாதம் கார், ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. மாற்று ஏற்பாடு.
7. சமையலுக்கு ஆள். இது எங்கள் வீட்டில் நான்தான். ரசம் இப்போது நன்றாகவே வருகிறது.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்பதால் முன் அனுமதி வாங்க நேரம் இருக்கிறது. மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாலிசியில் இதற்குக் காத்திருப்புக் காலம் உண்டா? நங்கூரத்தின் விலை சேருமா? அறை வாடகைக்கு உச்சவரம்பு எவ்வளவு? பல பாலிசிகளில் வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால், அறை வாடகை மட்டும் இல்லாமல் டாக்டர் கட்டணம் உட்பட மற்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். பெரிய அறை எடுத்த சந்தோஷம் டிஸ்சார்ஜ் அன்றைக்குப் போய்விடும். பிசியோதெரபி, பூட்ஸ், வாக்கர் செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று அறுந்தால்

முள்ளும் தேய்மானமும் மெதுவாக வருபவை. அறுவது ஒரு நொடியில் நடக்கும். ஷட்டில் ஆடும்போதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதோ, யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தினால் பாதம் தானாக அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவக் கூடாது, அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

அறுந்தால் கட்டாயம் ஆபரேஷன் என்பதும் இப்போது இல்லை. நார்வேயில் 526 பேரைப் பார்த்து 2022-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களுக்கும் கட்டுப் போட்டுப் பயிற்சி செய்தவர்களுக்கும் கால் நிலைமையில் வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது ஆபரேஷன் இல்லாதவர்களில் 6.2 சதவீதம், செய்தவர்களில் 0.6 சதவீதம். இரண்டு பக்கமும் வரவு செலவு இருக்கிறது. எந்த வழியானாலும் முதல் சில நாட்களுக்குள் டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

கடைசியாக, சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்.

என் மனைவிக்கு ஒரு வருடம் கிடைத்தது. பென்ஷன் இருந்தது, லிஃப்ட் இருந்தது, ரசம் வைக்க நான் இருந்தேன். நம் வாசலில் 12 மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும், ஐந்து வீட்டில் நின்றுகொண்டே பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கும் இதே வியாதி வந்தால்? ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது என்று எந்த டாக்டர் சொன்னாலும் அவர்களால் முடியாது. அவர்களுக்கு ஆபரேஷன் என்பதே கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்தச் சட்டம் நம் கேட்டுக்குப் பொருந்துமா என்று வக்கீலைக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு கேட்டிலும் முதுகு சாய்ந்த நாற்காலி போடுவோம். உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாரும் "என்னப்பா, தூங்குறியா?" என்று கேட்காமல் இருப்போம். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு சிங்க் முன்னால் ஒரு தடித்த ரப்பர் மிதியடி போடலாம், பெரிய செலவில்லை.

இரண்டாவது, எங்கள் வீட்டில் வாக்கர், குளியல் நாற்காலி, கால் உயர்த்தி வைக்கும் மெத்தை எல்லாம் இப்போது சும்மா இருக்கின்றன. இன்னும் பல வீட்டுப் பரண்களில் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் இருக்கும். எல்லாவற்றையும் சங்க அலுவலகத்தில் சேர்த்து, பதிவேடு போட்டு, தேவைப்படுபவர்கள் வாங்கிப் போய்த் திருப்பித் தரலாம். நம் வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டை நான் எழுதுகிறேன். பேரேடு எழுதிப் பழகிய கை.

குதிகால் வலி இருப்பவர்கள் பி பிளாக்கில் எங்கள் வீட்டுக்கு எந்தச் சாயங்காலமும் வரலாம். பயிற்சியை என் மனைவி செய்துகாட்டுவார், எந்த டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நோட்டைப் பார்த்து நான் சொல்கிறேன்.

எழுந்திருக்கும்போது முதல் அடியை மெதுவாக வையுங்கள்.